நொக்ஸ் கண்ட கண்டியின் உண்கலம்: ஒரு திறனாய்வு

இலங்கையின் மலைநாட்டு மக்களுடைய பழைய உணவு முறையைப் போற்றிப் பேசுவோர் சான்றாக எடுத்துக்காட்டும் நூல்களுள் ஒன்று, றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர் எழுதி 1681ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் வெளியிட்ட இலங்கைத் தீவின் வரலாற்று நூலாகும். கண்டி மக்கள் சோறும் கீரையும் காயும் கிழங்கும் உண்டு, புலாலைப் பெரும்பாலும் நீக்கி, உடல்நலத்தோடு நெடுநாள் வாழ்ந்தனர் என்பதே அந்நூலிலிருந்து பெறத்தக்க முடிபெனக் கொள்வாருளர். தாவர உணவின் நன்மையைப் பற்றி இக்கால மருத்துவ ஆய்வாளர் கூறுவனவற்றை இம்முடிபோடு சேர்த்து, முன்னோர் அறிந்ததையே விஞ்ஞானம் இன்று கண்டறிந்துள்ளது என்று கூறி முடித்துவிடுதல் எளிது. ஆயினும், ஒரு நூல் கூறுவது யாது, கூறாது விட்டது யாது, கூறியதன் காரணம் யாது என்னும் மூன்றையும் ஆராயாது அதனைச் சான்றாகக் கொள்ளுதல் அறிவுடையோர்க்கு ஏற்புடைத்தன்று. உடல்நலம் பற்றிய பொருளில் அவ்வாறு கொள்ளுதல் தீங்கையும் விளைக்கும். ஆதலின், நொக்ஸின் நூல் தாவர உணவைப் பற்றி உண்மையில் நிறுவுவது எவ்வளவு என்பது ஈண்டு ஆராயப்படுகின்றது.

நூலும் ஆசிரியரும்

கிழக்கிந்தியக் கம்பனியின் 'ஆன்' என்னும் கப்பல் 1659ஆம் ஆண்டில் மசூலிப்பட்டினக் கரையருகே புயலிற் சிக்கிப் பாய்மரம் இழந்து, பழுது பார்த்தற்பொருட்டுத் திருக்கோணமலையை அடுத்த கொட்டியாரக் குடாவை அடைந்தது. அக்கப்பலின் தலைவரும், அவர் மகனான இளைஞர் நொக்ஸும், கப்பலோர் பலரும் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் சிறைப்பிடிக்கப்பட்டனர். தந்தை 1661ஆம் ஆண்டிலே காய்ச்சலால் இறந்தார். மகன் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மலைநாட்டு ஊர்களில் வாழ்ந்தார். தொப்பி பின்னி விற்றும், நெல்லைக் கடனாகக் கொடுத்து வட்டி பெற்றும், ஊரூராய்த் திரிந்து வாணிகஞ் செய்தும் அவர் பொருளீட்டினார். உடுநுவரைப் பகுதியிலுள்ள எலதெத்த என்னும் ஊரிலே நிலம் வாங்கி, வீடு கட்டி, தோட்டமும் வைத்தார். 1679ஆம் ஆண்டிலே தோழர் ஒருவருடன் தப்பி, அனுராதபுரக் காடுகளின் ஊடாக நடந்து, ஒல்லாந்தர் வசமிருந்த அரிப்புக் கோட்டையை அடைந்தார். அவர் எழுதிய நூலுக்கு அக்காலத்துப் பேரறிஞரான றொபேட் ஹூக் முன்னுரை வழங்கினார்.

இவ்வரலாற்றால் நூலின் தகுதி ஒன்று புலனாகின்றது. அரண்மனை விருந்தினராய்ச் சில நாள் தங்கிச் சென்ற தூதுவர் கண்டெழுதியவை அன்று நொக்ஸ் கூறும் செய்திகள். நெல் அளந்து கொடுத்தவரும், அண்டை வீட்டார் உலையில் ஏற்றியது யாதென நாடோறும் அறிந்தவரும், தம் கையாற் சமைத்துண்டவருமான ஒருவரின் கூற்று அது. எத்தனை மாதத்தில் எந்நெல் விளையும் என்பதையும், எந்நிலத்திற்கு எது ஏற்றது என்பதையும் அவர் தெளிவாகக் கூறுகின்றார். ஏழு மாதத்தில் விளையும் மாவி நெல் தொடங்கி மூன்று மாத நெல் ஈறாக ஐந்து வகையினை அவர் வரிசைப்படுத்துகின்றார். நீர் நிலைக்கும் கால அளவை நோக்கியே உழவர் விதையைத் தெரிந்தெடுத்தனர் என்று காரணமுங் காட்டுகின்றார். வேளாண்மை தெரியாதவர் இவ்வாறு எழுதுதல் இயலாது.

நூல் கூறும் உணவு

நொக்ஸ் தம் நூலின் முதற் பாகத்திலே விளைபொருள்களையும், மூன்றாம் பாகத்திலே மக்களின் வீடு, உணவு, உடை முதலியவற்றையும் விவரிக்கின்றார். இரண்டையும் ஒருங்கு வைத்துப் படித்தல் வேண்டும். உணவு பற்றிய பகுதியை மட்டும் பிரித்தெடுத்துப் படிப்போர்க்கு முழு உருவம் தோன்றாது.

அந்நூலின்படி, மக்களின் வயிற்றை நிரப்பியது சோறு. ஏனையவெல்லாம் அச்சோற்றுக்குச் சுவை கூட்டுதற்பொருட்டு அமைந்தவை. பெருங்குடி மக்களின் உணவிலே ஐந்தாறு கறிகள் இடம்பெற்றன. அவற்றுள் மீனாலோ இறைச்சியாலோ ஆயவை ஒன்று அல்லது இரண்டுக்கு மேற்படவில்லை. அவையுங்கூடத் துண்டு குறைந்து குழம்பு மிகுந்தவையே. எஞ்சியவை யாவும் மண்ணில் விளைந்தவை. எளிய மக்களோ சிறிது பச்சிலையும், எலுமிச்சஞ் சாறும், மிளகும், உப்பும் சேர்ந்தாலே சோற்றை மனநிறைவோடு உண்டனர். மாட்டிறைச்சி முற்றாக விலக்கப்பட்டிருந்தது.

சோற்றுக்குத் துணையாக நின்ற பொருள்கள் இரண்டு. ஒன்று குரக்கன்: கடுகு போன்ற அத்தானியத்தை மாவாக்கி ரொட்டியாகச் சுட்டு உண்டனர். மற்றது பலா: பிஞ்சு, முற்றிய காய், பழம் என்னும் மூன்று நிலையிலும் அது உணவாயிற்று, ஒவ்வொரு நிலைக்கும் சிங்களத்திலே வேறு பெயர் வழங்குவதையும் நொக்ஸ் பதிந்துள்ளார். மக்கள் உணவின் பெரும்பகுதியாய் அமைந்து அவர்க்குப் பேருதவி புரிவது பலா என்பது அவர் கருத்து. இவற்றோடு வள்ளி முதலிய கிழங்குகளும், கித்துட் பனையின் கருப்பட்டியும், வேலியோரத்துக் கீரைகளும் சேர்ந்தன. காடுகளே அம்மக்களின் மருந்துக் கடைகள் என்றும் அவர் குறிப்பிடுகின்றார்.

இனி, உடல்நலம் பற்றிய அவர் கூற்று வருமாறு: மக்கள் திடமான உடலினர், எண்பது வயதுவரை வாழ்வோர் பலர், அவ்வயதிலும் தளராதிருப்போர் உளர். இக்கூற்றும் மேற்கூறிய உணவு விவரமும் ஒரே நூலில் அமைந்தமையால், ஒன்று காரணம் எனவும் மற்றது காரியம் எனவும் படிப்போர் மனம் தானே பிணைத்துவிடுகின்றது. இப்பிணைப்பே ஆராயத்தக்கது.

ஆசிரியர் கண்ணும் படிப்போர் கண்ணும்

முதற்கண் நோக்கவேண்டியது, மக்கள் புலால் உண்ணாமைக்கு நொக்ஸ் கூறும் காரணம். மாட்டிறைச்சி விலக்கு நீங்கலாக, ஏனைய இறைச்சி உண்ணாமையை அவர் அறநெறியின் பயனாக மட்டும் காட்டவில்லை. மீனும் இறைச்சியும் அரியவாய் இருந்தன. கிடைத்த சிறிதையும் மக்கள் தாம் உண்ணாது விற்றுப் பணமாக்கவே விரும்பினர். அவற்றை வாங்கி உண்டோர் பிறநாட்டாரே. மேலும், கால்நடையும் கோழியும் வளர்ப்போர் மறைத்து வைக்க இயலாதனவற்றை அதிகாரிகள் கவர்ந்து சென்றமையால், மக்கள் அவற்றை வளர்க்க ஊக்கங் கொள்ளவில்லை என்பதும் அவர் தரும் செய்தியாகும். எனவே அவ்வுண்கலத்தில் புலால் குறைந்தமைக்குச் சமயமும் பழக்கமும் ஒருபுறம் காரணமாக, வறுமையும் அரசிறையின் அச்சமும் மறுபுறம் காரணமாயின. அறத்தால் மறுத்தவனும், கிடையாமையால் உண்ணாதவனும் ஒரே சோற்றை உண்டிருக்கலாம். ஆயினும் இருவரையும் ஒருவராகக் கொள்ளுதல் வரலாற்றுக்கு இழைக்கும் தவறாகும்.

இரண்டாவதாக நோக்கத்தக்கது ஆசிரியரின் மதிப்பீடு. இறைச்சி வாங்கியுண்ட பிறநாட்டாரே நிலத்தின் கொழுமையை நுகர்ந்தனர் என்று நொக்ஸ் கருதினார். இறைச்சி மிக்க உணவே சிறந்த உணவு என்பது அவர் பிறந்த நாட்டின் எண்ணம். ஆதலின், கீரையும் எலுமிச்சையும் சேர்ந்த சோறு அவர் கண்ணுக்குக் குறைபாட்டின் அடையாளமாகத் தோன்றியது. அதே சோறு இன்றைய படிப்போர் கண்ணுக்கு நிறைவின் அடையாளமாகத் தோன்றுகின்றது. உண்கலம் ஒன்றே, மாறியது கண்ணே. அன்றைய ஆங்கிலேயரின் மதிப்பீட்டை மறுப்போர், தம் மதிப்பீட்டையும் அதே கடுமையோடு சோதித்தல் கடனாகும்.

மூன்றாவது, நெடுவாழ்வு பற்றிய கூற்று. எண்பது வயதினரைக் கண்ட கண், ஐந்து வயதுக்குள் இறந்த குழந்தைகளைக் கணக்கிட்டதன்று. நொக்ஸின் தந்தையையும் தோழர் சிலரையும் கொண்டுசென்ற காய்ச்சல், மலைநாட்டின் அடிவாரத்து ஊர்களில் நெடுங்காலம் நிலைத்திருந்தது. 1934–35ஆம் ஆண்டுகளில் இலங்கையிற் பரவிய மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ 80,000 உயிர்களைப் பலிகொண்டது. கீரை உண்டோரையும் இறைச்சி உண்டோரையும் நுளம்பு வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. ஆகவே, பழைய கண்டி மக்கள் உண்ட உணவு அவர்களை அக்கால நோய்களிலிருந்து காத்தது என்று நொக்ஸின் நூலைக்கொண்டு நிறுவுதல் இயலாது.

எனினும் இதனோடு ஆராய்ச்சி முடிந்துவிடவில்லை. 2016ஆம் ஆண்டிலே உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடெனச் சான்றளித்தது. பழைய பகை நீங்கப் புதிய பகை வந்தது. 2018–19ஆம் ஆண்டுகளில் நாடளாவிய முறையில் நிகழ்த்திய ஆய்வொன்றின்படி, இலங்கையில் வளர்ந்தோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 23 பேர் நீரிழிவு உடையோர். நீரிழிவு, உயர் குருதி அமுக்கம், இருதய நோய் என்னும் இவை உணவோடு நெருங்கிய தொடர்புடையன. ஆதலின், அன்று நோயைத் தடுத்தது என்று நிறுவ இயலாத அவ்வுணவு, இன்றைய நோயைத் தடுக்க வல்லதா என்னும் வினா தனியே எழுகின்றது. அதற்கு விடை நொக்ஸிடம் இல்லை. மருத்துவ ஆய்வுகளிடம் உண்டு.

விஞ்ஞானத்தின் சான்று

தாவர உணவு பற்றிய ஆய்வுகளுள் புகழ்பெற்றது, வட அமெரிக்காவிலே அட்வென்டிஸ்ற் கிறித்தவ சபையாரிடை நிகழ்ந்ததாகும். 73,308 பேரைப் பின்தொடர்ந்து 2013ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட முடிபின்படி, மரக்கறி உண்போரிடையே இறப்பு வீதம் ஏனையோரினும் நூற்றுக்கு 12 பங்கு குறைவாக இருந்தது. உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு நிலையம், பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் விளைப்பனவற்றின் முதல் வகுப்பில் 2015ஆம் ஆண்டிலே சேர்த்தது. செவ்விறைச்சியை அது அடுத்த வகுப்பில் வைத்தது.

இதற்குரிய காரணங்களும் விளங்காதன அல்ல. தவிடு நீங்காத தானியம், பருப்பு, கீரை, காய் ஆகியவற்றில் உள்ள நார்ப்பொருள் சீனி குருதியிற் சேரும் வேகத்தைத் தணிக்கின்றது. குடலில் வாழும் நுண்ணுயிர்களுக்கும் அது உணவாகின்றது. கீரையிலும் காயிலும் உள்ள பொற்றாசியம் குருதி அமுக்கத்தைக் குறைக்க உதவுகின்றது. இறைச்சிக் கொழுப்புக் குறையுமிடத்து, நாடிகளிற் படியும் கொலெஸ்திரோலும் குறைகின்றது.

ஆயினும் சான்றுகளுள் ஒரு பக்கத்தை மட்டும் காட்டுதல் நேர்மையன்று. பிரித்தானியாவில் 48,000க்கு மேற்பட்டோரைப் பின்தொடர்ந்த ஒக்ஸ்போட் ஆய்வின் முடிபு 2019ஆம் ஆண்டில் வெளிவந்தது. மரக்கறி உண்போர்க்கு இருதயக் குருதிக்குழாய் நோய் நூற்றுக்கு 22 பங்கு குறைவாகவும், மூளைத்தாக்கு 20 பங்கு கூடுதலாகவும் காணப்பட்டன. பாலையும் விலக்கித் தாவர உணவை மட்டும் உண்போர்க்கு எலும்பு முறிவு மிகுதி என 2020ஆம் ஆண்டில் அவ்வாய்வினரே அறிவித்தனர். குருதி உற்பத்திக்கும் நரம்புக்கும் இன்றியமையாத பி12 உயிர்ச்சத்தைத் தாவரங்கள் நம்பத்தக்க அளவிலே தருவதில்லை. பாலும் தயிரும் மோரும் சேர்ந்த சைவ உணவிலே அது ஓரளவு கிடைக்கும். அவற்றையும் நீக்குவோர் அதனை மருந்தாகவேனும், அது சேர்த்த உணவாகவேனும் பெறல் வேண்டும்.

இவ்வாய்வுகளினும் கண்டியின் பொருளுக்கு நெருங்கியது, அமெரிக்காவின் ஹாவாட் பல்கலைக்கழகத்தார் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மருத்துவப் பணியாளரிடை நடத்திய ஆய்வாகும். அவர்கள் தாவர உணவை இரு கூறாகப் பகுத்தனர். தவிடு நீங்காத தானியம், பருப்பு, காய், கனி, கொட்டை ஆகியவை ஒரு கூறு. தீட்டிய தானியம், சீனி சேர்ந்த பானம், இனிப்புப் பண்டம் ஆகியவை மறுகூறு. 2017ஆம் ஆண்டில் வெளிவந்த முடிபு யாதெனின், முதற் கூறு மிக்க உணவினரிடம் இருதய நோய் நூற்றுக்கு 25 பங்கு குறைந்தது. இரண்டாங் கூறு மிக்க உணவினரிடம் அது 32 பங்கு கூடியது. இரண்டும் தாவரங்களே. ஒன்று காக்க, மற்றது கெடுக்கின்றது. 'தாவர உணவு' என்னும் ஒரே பெயரின்கீழ் இரண்டையும் அடக்கி வாதிடுவோர்க்கு இம்முடிபு ஓர் எச்சரிக்கையாகும்.

மலைநாட்டின் இரு தோட்டங்கள்

இப்பகுப்பைக் கையிற்கொண்டு நொக்ஸின் நூலுக்கு மீளுமிடத்து, அவர் ஊன்றிப் பாராது எழுதிச் சென்ற செய்திகள் புதுப்பொருள் பெறுகின்றன. அம்மக்களின் நெல் உரலில் இட்டுக் குற்றப்பட்டது. ஆலையில் தீட்டிய வெள்ளரிசியை மட்டும் உண்போர்க்கு வரும் பெரிபெரி நோயின் காரணத்தை ஆராய்ந்து வழிகாட்டியவர், ஒல்லாந்த மருத்துவரான எய்க்மன். சாவகத்தில் 1890களில் அவர் செய்த ஆய்வுக்கு 1929ஆம் ஆண்டில் நோபெல் பரிசு கிடைத்தது. தவிட்டிலுள்ள உயிர்ச்சத்து இழக்கப்படுதலே அந்நோய்க்கு ஏதுவெனப் பின்னர்த் தெளிவாயிற்று. குரக்கனில் நூறு கிராமுக்கு ஏறத்தாழ 340 மில்லிகிராம் கல்சியம் உண்டு. தானியங்களுள் அதற்கு ஒப்பானவை அரிய. அனைத்தினும் வியப்புத் தருவது அப்பச்சிலையும் எலுமிச்சையுமாம். கீரையிலுள்ள இரும்புச்சத்து, இறைச்சியிலுள்ளதைப்போல உடலில் எளிதிற் சேர்வதன்று. எலுமிச்சையிலுள்ள சீ உயிர்ச்சத்து அது சேர்தற்குத் துணைசெய்கின்றது. வறியோர் உணவென நொக்ஸ் எழுதிய அக்கலவையையே இன்று இல்லங்களில் வல்லாரைச் சம்பல் என அரைத்தும் அரிந்தும் உண்கின்றனர். சுவைக்காகச் சேர்த்தது சத்துக்கும் துணையாயிற்று.

இத்துணைப் பொருள்களும் எங்கிருந்து கிடைத்தன? வீட்டைச் சூழ்ந்த தோட்டத்திலிருந்து. பலா, தென்னை, கித்துள், கமுகு, மிளகுக்கொடி, வாழை, கிழங்கு, கீரை என உயரத்தால் வேறுபட்ட பயிர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாய் நிற்கும் கண்டிய வீட்டுத்தோட்டம், இன்றும் வேளாண் ஆய்வாளர் வியந்து படிக்கும் பொருளாகும். எலதெத்தவில் நொக்ஸ் வைத்த தோட்டமும் அத்தகைய சூழலில் அமைந்ததே.

அதே மலைகளில் வேறொரு தோட்டமும் உண்டு. 1820களில் கம்பளைப் பகுதியில் தொடங்கிய கோப்பிப் பயிர்ச்செய்கையும், 1867ஆம் ஆண்டில் லூல்கந்துரவில் ஜேம்ஸ் ரெய்லர் பத்தொன்பது ஏக்கரில் இட்ட தேயிலையும், தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரை இலயங்களிற் குடியேற்றின. வீட்டுத்தோட்டம் என்பதிலும் தேயிலைத்தோட்டம் என்பதிலும் சொல் ஒன்றே, பொருள் வேறு. முன்னது உழைப்போனுக்கு உணவு தருவது. பின்னது உலகினர்க்குப் பானம் தருவது. இலயத்தின் வாயிலிற் கீரைப் பாத்திக்கும் இடம் அரிதாயிற்று. கோதுமை மா ரொட்டி, சம்பல், சீனியிட்ட சாயத் தேநீர் என்னும் உணவு தோட்டத் தொழிலாளர் பலரின் நாளாந்த உணவாக நிலைபெற்றது. இவ்வுணவிலும் புலால் இல்லை, முழுதும் தாவரமே. ஆயினும் ஹாவாட் ஆய்வினரின் பகுப்பில் இதன் பெரும்பகுதி இரண்டாங் கூற்றைச் சாரும். போதாக்குறைக்கு, உணவோடு அருந்தும் தேநீரின் துவர்ப்பொருள், உள்ள இரும்புச்சத்தும் உடலிற் சேராது தடுக்கின்றது. 2016ஆம் ஆண்டின் குடிசன சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரம் அற்றோர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17.3 பேர், தோட்டப் பகுதிகளிலோ 31.7 பேர். இதற்குக் குடிநீர், சுகாதார வசதி, தாயின் உடல்நிலை முதலிய பிற காரணங்களும் உண்டு. எனினும், புலால் இல்லாமையே நலம் தரும் என்னும் வாதம் இலயத்து வாயிலிலே நிலைகுலைந்து போகின்றது.

நொக்ஸின் காலத்து உழவனும் இக்காலத் தோட்டத் தொழிலாளியும் வறுமையால் ஒப்பர். ஒருவனுக்கு வீட்டைச் சுற்றி நிலம் இருந்தது, மற்றவனுக்கு இல்லை. உணவின் நலத்தைப் பற்றிய வினா இறுதியில் நிலத்தைப் பற்றிய வினாவாக மாறுதலை ஈண்டுக் காணலாம். கீரை உண்க என்று உபதேசிப்போர், கீரை முளைக்கும் மண் எவர் கையில் உளது என்பதையும் உசாவுதல் வேண்டும். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே இவ்வேறுபாடு மீண்டும் வெளிப்பட்டது. அவ்வாண்டு செப்தெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப்பொருள் விலையேற்றம் ஓராண்டில் நூற்றுக்கு 94.9 ஆக உயர்ந்தது. அத்தகைய நாளிலே முற்றத்தில் ஒரு பலா உடைய இல்லத்துக்கும் அஃதில்லாத இல்லத்துக்கும் உள்ள இடைவெளி சொல்லுந் தரமன்று. பலா நடுதலை நாடெங்கும் இயக்கமாக்கிய ஆதர் வி. டயஸ் 'கொஸ் மாமா' எனப் போற்றப்பட்டமையும், உரிமப் பத்திரம் இன்றிப் பலாவை வெட்டுதல் 1951ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுக்கப்பட்டமையும் காரணமின்றி நிகழ்ந்தனவல்ல.

அறமும் மருந்தும்

சைவ மரபிலே புலால் மறுத்தல் பேரறமாகப் போற்றப்படுவது. ஈழத்தமிழர் வழக்கிலே 'சைவம்' என்னும் சொல்லே மரக்கறி உணவையும் குறிக்கும் அளவுக்கு இரண்டும் ஒன்றியுள்ளன. ஆறுமுக நாவலர் தம் நான்காம் பாலபாடத்திலே புலாலுண்ணலைக் கடிந்து தனிப்பாடம் வகுத்தார். இவ்வறத்தை உடல்நல வாதத்தோடு கலந்து, ஒன்றை மற்றதற்கு முட்டுக்கொடுக்கச் செய்தல் இக்காலப் பேச்சாளரிடை மிகுந்து காணப்படுகின்றது. அவ்வாறு செய்தல் இரண்டுக்கும் நன்றன்று.

இவ்விடத்துத் திருவள்ளுவரின் வைப்புமுறை கருதத்தக்கது. புலால் மறுத்தலை அவர் அறத்துப்பாலின் துறவறவியலில் வைத்தார். அங்கு அவர் காட்டும் ஏது அருள். மருந்து என்னும் அதிகாரத்தை அவர் பொருட்பாலில் வைத்தார். அங்கு அவர் வற்புறுத்துவன பசித்தபின் உண்டலும், முன்னுண்டது அற்றமை அறிந்து உண்டலும், அளவோடு உண்டலுமாம். உடல்நலம் கூறும் அவ்வதிகாரத்திலே புலாலை விலக்குக என்னும் விதி இல்லை. புலாலை விலக்கும் அதிகாரத்திலே உடல்நலம் ஏதுவாகக் காட்டப்படவில்லை. இஃது மறதியால் நேர்ந்ததாகாது. நலம் கருதிப் புலாலை விட்டவன், நாளை ஓர் ஆய்வு வேறுவிதமாக வருமாயின் மீண்டும் உண்ணத் தொடங்குவான். அருள் கருதி விட்டவன் ஆய்வு முடிபை எதிர்நோக்கி நிற்பதில்லை. அதேபோல, அறத்தால் மரக்கறி உண்பவன், அவ்வறமே தன்னை நீரிழிவினின்றும் காக்கும் என நம்பி, வெண்சோற்றைக் குவித்துண்டு, எண்ணெயிற் பொரித்த வடையும் சீனி மிகுந்த தேநீரும் உட்கொண்டிருப்பானாயின், மருந்து அதிகாரம் அவனுக்கும் உரியதே. அறத்துக்கு அறமே சான்று. உடலுக்கு உடலே சான்று.

முடிபு

மேற்கூறியவற்றால் நொக்ஸின் நூலைப் பற்றிப் பெறப்படுவன இவை. கண்டி மக்கள் புலாலை வெறுத்தமையால் நலமுற்றனர் என்பதற்கு அந்நூல் சான்றாகாது. அவர் புலாலைக் குறைத்தமைக்குக் காரணம் பலவென்பதை அந்நூலே கூறுகின்றது. அவ்வுணவு நெடுவாழ்வு தந்தது என்பதற்கும் அது போதிய சான்றன்று. ஆனால், தவிடு நீங்காத அரிசி, குரக்கன், பலா, கிழங்கு, புதிய கீரை, எலுமிச்சை என்னும் பொருள்கள் ஒரே உண்கலத்தில் எவ்வாறு கூடியிருந்தன என்பதற்கு அஃது உண்மையான சான்று. அவை நன்மை பயப்பன என்பதைப் பிற்கால ஆய்வுகள் நிறுவியுள்ளன. நொக்ஸ் பதிந்தவர், விளக்கியவர் பிறர். பதிந்தவரிடம் விளக்கத்தையும் கேட்டுப் பெற முயன்றமையே முற்கூறிய வாதத்தின் பிழை.

பழமையைப் போற்றுதலும் விஞ்ஞானத்தைப் போற்றுதலும் கற்றோர்க்கு உரியன. எனினும், ஒன்றைச் சோதியாது மற்றதன் தோள்மேல் ஏற்றிவைத்தல் இரண்டையும் சிறுமைப்படுத்தும். மாணவர் இவ்வேறுபாட்டை வகுப்பறையிற் கற்பதோடு உண்கலத்திலும் கற்றல் வேண்டும். விடுதிச் சாலையிலே தீட்டாத அரிசிச் சோறும், பருப்பும், எலுமிச்சை பிழிந்த கீரையும், ஒரு குவளை மோரும் இடம்பெறுதலும், தேநீர் உணவோடு சேராது சிறிது நேரம் கழித்து வருதலும் பெருஞ்செலவு வேண்டுவன அல்ல. கல்லூரி வளவிலே ஒரு பலாவும் ஒரு கீரைப் பாத்தியும் வைத்தலும் அத்தகையதே. பேராதனையை அடுத்த கன்னொறுவையிலே 1988ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தாவர மரபணு வள நிலையம் பழைய நெல்வகைகளின் விதைகளைப் பேணி வருகின்றது. விதை பேணப்படுகின்றது, வித்துவதற்கு நிலமும், விளைந்ததை உண்பதற்கு அறிவும் எஞ்சியவர்க்கு உரிய கடன்களாகும்.